மொசார்ட்டுக்கு எத்தனை வயலின்?

1788ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில், கடன் வேண்டி நண்பர் புக்பெர்க்குக்குக் கடிதம் எழுத நேர்ந்த வறுமைக்கும், ஆறு மாதப் பெண்குழந்தையைப் பறிகொடுத்த துயரத்துக்கும் இடையே, வியன்னா நகரில் இருந்துகொண்டு மொசார்ட் மூன்று மகத்தான சிம்பொனிகளை இயற்றினார். ஜூன் 26, ஜூலை 25, ஆகஸ்டு 10 என்று தம் படைப்புப் பட்டியலில் அவர் கைப்படக் குறித்துவைத்த அந்த 39, 40, 41ஆம் சிம்பொனிகளுக்குப் பின்னர் அவர் வேறு சிம்பொனி எழுதவில்லை.

இத்தகைய சிருஷ்டிகளைப் பெரிய வாத்தியக் குழு வாசித்தால்தான் கம்பீரம் பிறக்கும் என்ற எண்ணம் ரசிகர்களிடையே இன்றும் உண்டு. ஆயினும், நாற்பது பேருக்கு மேற்படாத சிறு குழுவிடமே அவற்றின் முழு சௌந்தரியமும் வெளிப்படுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்குக் காரணம் அந்தச் சங்கீதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 39ஆம் சிம்பொனியில் ஓபோக்களை விலக்கி, கிளாரினெட்டுகளுக்கு இடமளித்து, மூன்றாம் பகுதியின் நடுவே ஒரு கிளாரினெட் பாட மற்றொன்று கீழ் ஸ்தாயியில் அலையலையாய்த் துணைபோகும்படி எழுதியவரும், 40ஆம் சிம்பொனியைப் பிற்பாடு திருத்தி அதிலும் கிளாரினெட்டுகளைச் சேர்த்தவருமாகிய மொசார்ட், ஊதுவாத்தியங்களை வெறும் பக்கத்துணையாகக் கருதியவர் அல்லர். ஜூபிடர் என்று பிரசித்தி பெற்ற 41ஆம் சிம்பொனியின் முடிவிலோ, அதுவரை தனித்தனியே கேட்ட ஐந்து கருப்பொருள்கள் ஒரே சமயத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, முதல் வயலினிலிருந்து டபுள் பாஸ் வரை இடம் மாறிச் சுழல்கின்றன. மேலே வயலின்கள் பெருகப் பெருக, நடுவில் ஒலிக்கும் வியோலாவின் குரல் அமுங்கி, அந்த அற்புதப் பின்னல் வெறும் முழக்கமாகிவிடுகிறது.

வியன்னாவில் நாற்பது வயலின்கள் சேர்ந்து தம் சிம்பொனி ஒன்றை வாசித்ததைக் குறித்து, 1781 ஏப்ரலில் தந்தைக்கு மொசார்ட்டே மகிழ்ந்து எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார், ஆனால் ஊதுவாத்தியங்கள் எல்லாம் இரட்டிக்கப்பட்டிருந்தன என்பதையும், பஸ்ஸூன் மட்டும் ஆறு இருந்தது என்பதையும் அதே கடிதத்தில் மறவாமல் குறிப்பிட்டார். அவர் நாடியது விகிதப் பொருத்தமேயன்றித் தந்திகளின் ஆதிக்கம் அன்று.

அந்தப் பொருத்தம் எவ்வளவு தெளிவைத் தரும் என்பதற்கு, எண்பது வயதைக் கடந்த இசை நடத்துநர் சார்ல்ஸ் மக்கெராஸ் 2007இல் ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு கிளாஸ்கோவில் செய்த இச்சிம்பொனிகளின் ஒலிப்பதிவே சாட்சி. வால்வு இல்லாத பழைய பாணி ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் தந்திகளை மூடிவிடாமல் கணீரென்று ஒலிக்கும் அப்பதிவில் வேகமும் உண்டு, வீரமும் உண்டு, 40ஆம் சிம்பொனிக்குரிய சோகமும் குறைவற உண்டு.

ஆகவே கச்சேரி அமைப்பாளர்கள், மண்டபத்தின் விஸ்தீரணத்தைப் பார்த்து வாத்தியக்காரர் தொகையைத் தீர்மானிக்காமல், கீர்த்தி வாய்ந்த இச்சிம்பொனிகளைச் சிறு குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும்; வயலின்களைக் குறைக்க மனம் வராதவர்கள், அன்று வியன்னாவில் செய்ததுபோல், ஊதுவாத்தியங்களையேனும் இரட்டிக்க வேண்டும்.