தோளில் கிடந்த நூலும் மணிக்கட்டில் ஏறிய கயிறும்

சேப்பாக்கத்துக் கடற்கரையோரம் ஒரு சிவந்த மாளிகை நிற்கிறது. இராபர்ட் சிஷோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் வரைந்து, 1870களில் எழுந்த செனட் மண்டபம் அது. 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம் அது. அதன் கோபுரத்தைக் கண்டு வியப்போர் உண்டு. வண்ணக் கண்ணாடியைக் கண்டு மயங்குவோர் உண்டு. நாம் கேட்பதோ வேறு கேள்வி. அந்த வாயிலில் நுழைந்தவன் யார்? நுழைய வழியின்றி வெளியே நின்றவன் யார்? கல்லைப் பார்த்துக் கலைக்கூடத்தை எடை போடாதே, தம்பி! அங்கே கற்க வந்த மாணவர் கூட்டத்தைப் பார்! ஒரு நாட்டின் நியாயமும் அநியாயமும் அந்த வருகைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றன.

1914ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று. அப்பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்றிருந்த பட்டதாரிகள் 650 பேர். அவருள் பார்ப்பனர் 452 பேர். மாகாண மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். பட்டதாரிகளிலோ நூற்றுக்கு எழுபதை எட்டிப் பிடித்தனர்! மற்றவருக்கு மூளை இல்லையா? ஏர் பிடித்தவனுக்கும், தறி நெய்தவனுக்கும், கட்டுமரம் செலுத்தியவனுக்கும் எழுத்து என்றால் எட்டிக்காயா? இல்லை, தம்பி, இல்லை! எழுத்தைத் தொடாதே என்று தலைமுறை தலைமுறையாக விரட்டப்பட்டவன் எங்ஙனம் எழுதுவான்? எப்படியோ தப்பிப் பிழைத்துப் பட்டணம் வந்த சிலருக்கோ படுக்க இடமில்லை; உண்ணச் சோறில்லை. அதனாலன்றோ மருத்துவர் நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார்! நம் இயக்கத்தின் வரலாறு ஒரு மாணவர் விடுதியின் சோற்றுப் பானையிலும் தொடங்குகிறது என்பதை மறவாதே!

பெண்ணின் நிலை இன்னும் கொடிது. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண் கல்லூரி வாயிலை மிதித்தபோது, எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கூக்குரலிட்டனர் பெற்றோர் சிலர். அந்தப் பெண்தான் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டு, ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தார். யார் கெட்டார்? என்ன கெட்டது? கெட்டது, கூக்குரலிட்டோரின் கணக்கொன்றுதான்!

அடைத்த கதவு தானே திறக்கவில்லை. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. 1920களின் இறுதியில் முத்தையா முதலியார் அதைச் செயலாக்கிக் காட்டினார். விடுதலைக்குப் பின் மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் எவ்வாறு பகிரப்பட்டன, தெரியுமா? பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. நூற்றுக்கு மூவரானோர்க்கு ஏழில் ஒரு பங்கு! அதையும் பொறுக்கவில்லை. வழக்கு மன்றம் ஏறினர். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதாகக்கூடச் சொல்லாத ஒருவரின் வழக்கில், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதாக்கியது. தமிழகம் கொந்தளித்தது, பெரியார் முழங்கினார், வீதிகள் பேசின. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. வயது ஓராண்டும் சில மாதங்களுமே ஆன சட்டத்தை, படிக்கத் துடித்த பிள்ளைகளின் கண்ணீர் திருத்தியது!

அந்தத் திருத்தத்தின் விளைச்சல் இன்று கண்முன் நிற்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியாவில் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. அந்தப் பெருக்கத்தில் குடும்பத்திலேயே முதன்முதல் பட்டம் பெறுவோர் எத்தனை பேர்! கைநாட்டு வைத்த பாட்டியின் பேத்தி ஆய்வேடு எழுதுகிறாள். பனையேறியின் பேரன் இயற்பியல் கூடத்தில் ஒளியை அளக்கிறான். துப்புரவுத் தொழிலாளியின் மகள் சட்டம் படிக்கிறாள்.

உடனே எழுகிறது பழைய ஓலம்: தகுதி போயிற்று! திறமை தாழ்ந்தது! தகுதி பேசும் தகைமையாளரே, ஒன்று கேட்போம். எந்த மருத்துவர்களால் இந்நாட்டுச் சிற்றூர்களில் தாய் சாவும் சேய் சாவும் குறைந்தன? அரசு மருத்துவமனைகளில் இரவும் பகலும் உழைப்போர் யார்? இட ஒதுக்கீட்டில் படித்தவர்களன்றோ! ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் விலங்கிட்டு, அவன் பின்தங்கியதும் ஓடத் தெரியாதவன் என்று எள்ளுவது அறிவா? விலங்கை அகற்றினோம், ஓடினான். அவ்வளவே!

இது வரை சொன்னது பகைவர்க்கு. இனிச் சொல்வது உனக்கு, தம்பி! கசக்கும், ஆனாலும் கேள்.

அன்று நாம் எள்ளி நகையாடியது எதை? தோளில் கிடந்த நூலை. பிறப்பால் பெருமை பேசிய அந்த நூல் பொய் என்றோம், புரட்டு என்றோம். இன்று உன் மணிக்கட்டில் ஏறியிருப்பது என்ன? வண்ணக் கயிறு! இந்தச் சாதிக்கு இந்த நிறம், அந்தச் சாதிக்கு அந்த நிறம்! பள்ளிப் பிள்ளைகள் கைகளில் கயிறு கட்டிச் சாதி பிரிக்கும் கொடுமையைக் கண்டு, நீதிபதி சந்துரு குழு 2024இல் அதைத் தடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளியில் கட்டிய கயிறு பல்கலைக்கழகம் வந்ததும் தானே அறுந்துவிடுமா? விடுதி அறையில், சுவரொட்டியில், கைப்பேசிக் குழுவில், தலைவர் பிறந்தநாள் ஊர்வலத்தில் அது நீள்கிறதே!

2008 நவம்பர் 12 நினைவிருக்கிறதா? சென்னைச் சட்டக் கல்லூரி. அம்பேத்கரின் பெயர் தாங்கிய கல்லூரி. ஒரு சுவரொட்டியில் அந்தப் பெயர் விடுபட்டதில் மூண்ட பகை, சாதி பிரிந்து தடியும் கத்தியுமாக மோதியதில் முடிந்தது. காவலர் வேடிக்கை பார்த்தனர். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சட்டம் படிக்க வந்த கைகளில் தடி! அந்தத் தடியைக் கொடுத்தது எந்தப் பாடநூல்?

2015இல் கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி கொல்லப்பட்டான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பொறியியல் மாணவன் சங்கர் வெட்டிச் சாய்க்கப்பட்டான். செய்த குற்றம்? ஒருவன் வேறு சாதிப் பெண்ணோடு பழகினான். மற்றவன் வேறு சாதிப் பெண்ணை மணந்தான். பட்டம் பெற்றும் பயனென்ன, அந்தப் பட்டத்தினும் கூரிய கத்தி சாதியின் கையில் இருக்கும்வரை?

இட ஒதுக்கீடுதான் சாதியை வளர்க்கிறது என்று இந்த இடத்தில் குறுக்கே பாய்வான் பகைவன். அவனுக்கு விடை எளிது. காய்ச்சலை அளக்கும் கருவி காய்ச்சலை உண்டாக்குவதில்லை. சாதிச் சான்றிதழ் என்பது காயத்தின் கணக்கு. இழந்ததை மீட்பதற்கான சீட்டு. ஆனால், தம்பி, அந்தச் சீட்டை நீ கிரீடமாக்கித் தலையில் சூடினால், பகைவனின் பொய்க்கு நீயே சாட்சியாகிறாய்! மேலே இருப்பவன் கையைத் தட்டிவிட்ட நீ, கீழே இருப்பவன் தோளை மிதித்தால் அதற்குப் பெயர் விடுதலையா? இல்லை, இடமாற்றம்! நம் பகை ஆட்களோடன்று, அமைப்போடு. அக்கிரகாரத்தில் இருந்தால் ஆணவம், நம் தெருவில் இருந்தால் பெருமை என்று அதற்கு இரண்டு பெயரிட நாம் யார்?

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. எறிந்தனர் நம் முன்னோர். பெயரின் வாலை அவர்கள் அறுத்தனர். மணிக்கட்டின் கயிற்றை அறுக்க உனக்குக் கை வரவில்லையா? 1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது. சட்டம் தயார்; மனம் தயாரா? தங்கையே, உன்னையும் கேட்கிறேன். நீ வாங்கும் பட்டம் வாழ்வை நீயே தேர்ந்து கொள்ளும் உரிமைச் சாசனமா, மணச் சந்தையில் உன் விலையை உயர்த்தும் மற்றொரு நகையா?

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் உன் சாதிக்காரனைத் தேடி அறை எடுக்காதே. சாதித் தலைவர் படம் பொறித்த சுவரொட்டிக்குச் சல்லிக்காசும் தராதே. சாதிப் பெயரில் இயங்கும் கைப்பேசிக் குழுவிலிருந்து இன்றிரவே வெளியேறு. உன் வகுப்பில் முதல் பட்டதாரியாகத் திணறும் பிள்ளை எவனாயினும், எவளாயினும், அவர்க்குப் பாடம் சொல்லிக் கொடு; நடேசனார் இட்ட சோறு போல அது பெருகும். காதலித்த நண்பனுக்கு ஆபத்தென்றால், வேடிக்கை பார்க்காதே, பக்கத்தில் நில்!

திருவல்லிக்கேணி விடுதியில் அரைவயிற்றுச் சோறுண்டு படித்தவன், தன் சாதிக்காரன் மட்டும் நுழையட்டும் என்று கதவைத் தட்டவில்லை. எல்லாரும் நுழைய வேண்டும் என்று தட்டினான். அவன் தட்டியதால் திறந்த கதவு அது. அந்தக் கதவின் தாழ்ப்பாளில் கயிறு கட்டாதே, தம்பி! அறுத்தெறி!