வீடு திரும்பியபின் வரும் இரவுகள்

மறுபரிசோதனைக்கு வருவோரிடம் உறக்கத்தைப் பற்றி நாங்கள் தவறாது கேட்கிறோம். வலியைச் சொல்வோர் பலர். அடுத்த வீட்டு நாயைச் சொல்வோரும் உளர். இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்வதா என்று கூசியபடியே சொல்கின்றனர். கூச வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாளே ஆனவருக்கு நள்ளிரவில் குலையும் உறக்கம் சிறிய இழப்பன்று.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக்க வழிசெய்கின்றன. அங்கே இரவு வரம்பு 40 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் 45. ஆனால் அவை பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துவன ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு, கட்டுமான இயந்திரம் போன்றவையே; நாய் அவற்றுள் இல்லை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறும் ஓசைபற்றி முறையிடலாம் என்கிறது விதி. நள்ளிரவில் அதை அளக்க வருபவர் யார்?

வேறு சில நாடுகளில் உள்ளாட்சிகளே நாய்க்குரைப்புக்கு விதி வகுத்து, பண்ணை விலங்குகளுக்கு விலக்கும் அளித்துள்ளன. பிரான்சின் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்னும் சேவலின் கூவலுக்கு எதிரான வழக்கு, 2019இல் சேவலின் பக்கமே தீர்ப்பானது. 2021இல் ஊர்ப்புறத்தின் ஓசையையும் மணத்தையும் மரபாக ஏற்று அந்நாடு சட்டமே இயற்றியது.

நோயாளிகளின் பக்கம் நிற்கும் நாங்கள் இவ்விலக்கை எதிர்க்கவில்லை. மாடும் கோழியும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. எங்களிடம் வரும் நோயாளிகளிலும் அவற்றை வளர்ப்போர் உண்டு. கன்றைப் பிரிந்த பசு கத்துவதை எந்த விதி அடக்கும்? ஆட்டுப்பட்டி காக்கும் நாயையும் கால்நடையோடே சேர்ப்போம். மொட்டைமாடியில் குட்டைச் சங்கிலியில் தனித்துக் கட்டப்பட்டு இரவெல்லாம் குரைக்கும் நாயின் நிலை வேறு. அதுவும் துன்பத்தில்தான் இருக்கிறது. அதை உள்ளே அழைத்துக்கொள்வது உரிமையாளருக்கு இயலும் செயல். அதைச் செய்யாதிருக்க விலக்கு எதற்கு? காவலுக்கு என்பார்கள். ஓயாது குரைக்கும் நாயின் குரலுக்கு அவ்வீட்டாரே எழுந்து பார்ப்பதில்லை.

சட்டம் வரும்வரை நோயாளி காத்திருக்க இயலாது. ஆகவே உடனிருப்போர், டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்கு முன்பே அண்டை வீட்டாரைச் சென்று காணுங்கள். புகாராக அன்றி உதவியாகக் கேளுங்கள். இரண்டு வாரம், இரவில் மட்டும் என்று அளவு சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயக்கமாயின், நோயாளிக்கு ஓய்வு தேவை என்று ஒரு குறிப்பு எழுதித் தருமாறு எங்கள் வார்டு செவிலியரிடம் கூறுங்கள், தருவார்.