விரட்டினால் அது விளையாட்டல்ல

கற்பிட்டிக் கடலில் டால்பின் பார்க்கப் போனவர்களுக்கு அந்த நிமிடம் மறக்காது. படகின் அணியத்துக்கு இரண்டு முழம் முன்னால், வாலைக்கூட அடிக்காமல் ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். ஒருக்களித்துத் திரும்பி ஒற்றைக் கண்ணால் நம்மை அண்ணாந்து பார்க்கும். உச்சந்தலைத் துளை திறந்து ‘புஸ்’ஸென்று விடும் மூச்சின் ஈரம் முகத்தில் தெறிக்கும். ஓடும் படகு முன்னே தள்ளும் நீர்தான் அதைச் சுமக்கிறது. பெரிய திமிங்கிலங்களின் முன்னாலும் டால்பின்கள் இப்படிச் சவாரி செய்வதுண்டு. வாய்த்த அலையில் ஏறிக்கொள்ளும் பிள்ளை விளையாட்டு அது. நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் இந்த உயிரை நாலைந்து படகுகள் சேர்ந்து சுற்றி வளைத்துத் துரத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஹவாய்த் தீவுகளில் இரவெல்லாம் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோரம் ஓய்வெடுக்கும் சுழல் டால்பின்களை, 2021 முதல் ஏறக்குறைய 45 மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது. நம் பக்கமும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஒரே சீரான வேகத்தில், நேராகப் படகை விடுங்கள். பிடித்தால் அவையே வரும். வராவிட்டால் வெறுங்கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சம்மதிப்பவர்கள் மட்டும் படகேறட்டும்.