நாலு ஃபிரேம்

“அண்ணா, உங்க ஃபைலை எடுத்து நாலு ஃபிரேம் குறைச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஒரு தம்பி எனக்கு எழுதினான். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்போது வந்த எரிச்சல்தான் இந்தக் கட்டுரை.

முன்கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது தொண்ணூறுகளில் பல வீடுகளில் இருந்த அதே நகல் வீடியோ கேம் பெட்டி, அதே மஞ்சள் கேசட். அட்டையில் 9999 என்று போட்டிருக்கும், உட்கார்ந்து எண்ணினால் முப்பது தேறாது. அதில் ஒரு விமானச் சண்டை கேம். பெயரைக்கூட மெனுவில் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். திரை தன்பாட்டுக்கு நகரும். நாம் முந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்த கேமுக்கு நான் ஒரு டாஸ் செய்தேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஒரு மணி இரண்டு மணி வரைக்கும். பதினான்கு மாதம்.

டாஸ் என்றால் டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன். பழைய கேமை எமுலேட்டரில் ஓட்டுவோம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அந்த அறுபதையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, இந்த ஃபிரேமில் எந்தப் பட்டன் என்று முடிவு செய்வோம். பிசகினால் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி. ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. கடைசியில் கையில் மிஞ்சுவது வீடியோ இல்லை, பட்டன்களின் பட்டியல் ஒன்று. அதை எமுலேட்டரிடம் கொடுத்தால் அச்சுப் பிசகாமல் அதே ஆட்டத்தை ஆடிக் காட்டும். மனிதக் கையால் முடியாத ஆட்டம் அது. முடியும் என்று யாரும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

தம்பி மூன்றாவது பாஸை என்னைவிட நான்கு ஃபிரேம் முன்னால் சாகடித்திருந்தான். நல்ல வேலை. அதில் இரண்டு ஃபிரேம் என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன். பிரச்சினை அதுவல்ல. கட்டத்துக்குக் கட்டம், சுடும் குண்டுகளுக்கு நடுவே ஒரு பிக்சல் இடைவெளியில் என் விமானம் நுழைந்து வெளியே வரும். எதிரி சுட்ட குண்டை மூக்குக்கு முன்னால் கடக்கவிட்டு, அது போன தடத்திலேயே திரும்பிப் பறக்கும். அத்தனையையும் அவன் துடைத்திருந்தான். சுட வேண்டிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் விமானம் திரையின் இடது கீழ் மூலையில், செருப்பு விட்ட இடம் மாதிரி, அப்படியே கிடந்தது. ஏன்டா என்றேன். “நடுவுல பிளேன் சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சுண்ணா. அதனால டைம் எதுவும் குறையல. அதான் எடுத்துட்டேன்.”

சும்மா. பதினான்கு மாதத்தில் பன்னிரண்டு மாதம் அந்தச் சும்மாவுக்குத்தான் போனது.

தம்பி தனியாள் இல்லை. அவன் பின்னால் ஒரு பெரிய கட்சியே இருக்கிறது. அவர்களுடைய வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: வேகத்தை அளக்கலாம், சுவாரசியத்தை அளக்க முடியாது. எனக்குச் சுவாரசியமாக இருப்பது உனக்குக் கொட்டாவி. ஆகவே எண்ணை மட்டும் வைத்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அவரவர் ருசி. எண் பொய் சொல்லாது பாருங்க!

யாருடைய வேகம் என்று முதலில் கேட்கிறேன். சூப்பர் மாரியோ பிரதர்ஸை 2021-இல் ஒருவர் முதன்முறையாக 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடித்தார். கையால், உட்கார்ந்த இடத்தில், நிறுத்தாமல். அந்த எண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு விரல் நடுங்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். டாஸில் எந்த விரல் நடுங்குகிறது? தப்பு நடந்தால் தப்பு நடக்காத இடத்துக்குத் திரும்புகிறோம், அவ்வளவுதானே. ஆபத்தே இல்லாத வேகம் இது. ஓட்டப்பந்தய வீரனுக்குக் கொடுக்கும் கைதட்டலைக் கால்குலேட்டருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, எண் மட்டும்தான் குறி என்றால் மனுஷன் எதற்கு? பட்டன்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்டை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். பல இடங்களில் நாங்களே அப்படித்தான் செய்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை.

எண்ணுக்கு இவ்வளவு விசுவாசமாக இருப்பவர்கள் ஒரே ஒரு கேமின் கதையை முழுசாகப் பார்க்க வேண்டும். 2003-இல் இணையத்தில் ஒரு வீடியோ சுற்றியது. மோரிமோட்டோ என்ற பெயரில் ஒரு ஜப்பானியர் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ஐப் பதினொரு நிமிடத்தில் முடிக்கிறார். டாஸ் என்ற சொல்லே பலருக்குத் தெரியாத காலம். உண்மையான கை என்று நம்பி வாயைப் பிளந்தவர்கள் பலர். எமுலேட்டர் என்று தெரிந்ததும் மோசடி என்று கத்தியவர்களும் பலர். அந்த ஓட்டத்தின் கடைசி உலகத்தில் டாங்கிகளும் கப்பல்களும் வரும். அங்கே திரை தானாக நகரும். என் விமான கேம் மாதிரியே, அவசரப்பட்டுப் பிரயோஜனம் இல்லாத இடம். எதுவும் செய்யாமல் நின்றிருக்கலாம். மோரிமோட்டோவின் மாரியோ நிற்கவில்லை. பறந்து வரும் குண்டுகளின் தலையில் மாறி மாறி மிதித்து, தரையைத் தொடாமல், உயிர் மேல் உயிராகச் சேர்த்துக்கொண்டு போகிறான். அந்த உயிர்களால் அவனுக்கு ஒரு பைசா லாபமில்லை. அவன் சாகப் போவதே இல்லையே! இருபது வருஷம் கழித்தும் மக்கள் ஞாபகம் வைத்திருப்பது அந்தத் துள்ளலைத்தான். எத்தனை விநாடி என்று கேளுங்கள், பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

அதே கேமின் இன்றைய வேகமான ஓட்டம் ஒரு விநாடிகூட ஆகாது. ஆமாம், ஒரு விநாடிக்கும் கம்மி. பழைய நின்டென்டோ பெட்டியில், ஒலிச் சிப் வேலை செய்யும்போது கன்ட்ரோலரைப் படிப்பதில் பிசகு வரும். அதனால் இந்த கேம், இரண்டு முறை படித்தது ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். ஒத்துப்போகவே விடாமல் ஒவ்வொரு வாசிப்புக்கும் வேறு பட்டனைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் புத்தி பேதலித்து, நாம் சொல்கிற இடத்துக்குத் தாவிவிடும். நேராகக் கடைசிக் காட்சி. இதைக் கண்டுபிடித்த மூளைக்குக் கும்பிடு போடுகிறேன், கிண்டலில்லை. ஆனால் அதில் மாரியோ குதிக்கவில்லை, ஓடவில்லை, ஆட்டம் என்ற ஒன்றே தொடங்கவில்லை. வேகம்தான் ஒரே அளவுகோல் என்றால் அந்த கேமின் தலைசிறந்த ஆட்டம் இதுதான், மற்றதை அழித்துவிடலாம். அழிக்கிறார்களா? இல்லை. இதற்கு ஒரு தனிப் பிரிவு போட்டு ஓரமாக வைக்கிறார்கள். வார்ப் இல்லாமல் ஒரு பிரிவு, கிளிட்ச் இல்லாமல் ஒரு பிரிவு, சூப்பர் மாரியோ 64-இல் 120 நட்சத்திரத்தையும் எடுத்தாக வேண்டும் என்று ஒரு பிரிவு. இதையெல்லாம் எந்த எண் முடிவு செய்தது? இப்படி ஆடினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று யாரோ நாலு பேர் ஆசைப்பட்டதால்தான் அந்தப் பிரிவே இருக்கிறது. ருசியை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, ருசி கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் உட்கார்ந்து எண்ணை எண்ணுகிறார்கள்.

என் கட்சிக்காரர்களையும் விடப்போவதில்லை. வேகத்துக்கும் சுவாரசியத்துக்கும் ஒரு ‘சமநிலை’ வேண்டும் என்று இவர்கள் இழுக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். இரண்டும் என்ன தராசுத் தட்டா, இங்கே ஒரு கிலோ வைத்தால் அங்கே ஒரு கிலோ எடுக்க? முதல் சூப்பர் மாரியோவையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவது 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான். நீங்கள் பத்து ஃபிரேம் முன்னால் முடித்தாலும் அந்தப் பத்து ஃபிரேமும் காத்திருப்பில் போய்விடும். கடைசிக் கட்டம் மட்டும்தான் விதிவிலக்கு. எனக்கு இது தாளம் மாதிரிதான் படுகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஆவர்த்தனத்தைச் சுருக்கி வேகம் காட்டுவதில்லை. எட்டு அட்சரம் எட்டேதான். உள்ளே எப்படி வேண்டுமானாலும் பிரித்து மேய்ந்துவிட்டு, கோர்வை எடுப்பில் வந்து விழ வேண்டும். தாளம் கறாராக இருப்பதால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது. தாளத்தை விட்டுவிட்டு வாசித்தால் அது சுதந்திரம் ஆகாது, எவ்வளவு தூரம்தான் போவார் என்கிற பதைப்பே போய்விடும். டாஸில் வேகம் அந்த இடத்தில் இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டு ஆடுகிற ஆட்டம் சும்மா சேட்டை.

அந்தச் சேட்டையும் நிறையவே நடக்கிறது. காத்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மாரியோவை இடம் வலம் உதறவிடுவது, பாட்டுக்கு உட்கார்ந்து எழுப்புவது. முதல் தடவை சிரிப்பு வரும். நாலாவது நிமிடத்தில் மின்விசிறி சத்தம் மாதிரி ஆகிவிடும். கிடைக்கிற ஒவ்வொரு ஃபிரேமையும் அடைத்தே தீருவேன் என்பதும் எண்ணுக்கு அடிமைப்பட்ட புத்திதான், எண் மட்டும் வேறு. கிரேடியஸ் கேமின் நல்ல டாஸ்களைப் பாருங்கள். அதுவும் தானாக நகரும் திரைதான், நேரத்தைப் பெரிதாக மிச்சம் பிடிக்க வழியில்லை. சுவர் மூடப்போகிற இடைவெளியில் கப்பல் நுழைவதற்கு முன், ஒரு கணம் அப்படியே நிற்கும் பாருங்கள், அந்த நிற்றல்தான் ஆட்டம். உதறல் இல்லை.

எண்ணை விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. மெகா மேன் 3, 4, 5, 6 என்று நான்கு கேம்களை ஒரே பட்டன் பட்டியலால் ஒரே நேரத்தில் முடிக்கிற டாஸ் ஒன்று இருக்கிறது. ஒரு கேமில் குதிக்க அழுத்திய பட்டன் மற்ற மூன்றிலும் குதிக்க வைக்கும், அங்கே பள்ளம் இருந்தாலும் சரி. தனித்தனியாக எடுத்தால் நான்குமே மந்தமான ஓட்டங்கள். ஆனால் நான்கு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வயிறு கலங்கும். பிரெய்ன் ஏஜ் என்ற கணக்குப் போடும் கேமில், விடை எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் படம் வரைகிறார். கேம் அந்தப் படத்தைச் சரியான எண் என்று படித்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போகிறது. 2016 ஜனவரியில் வந்த, சூப்பர் மாரியோ 64-இல் ஏ பட்டனை அரைத்தடவை மட்டும் அழுத்தி ஒரு நட்சத்திரம் எடுப்பதை விளக்கும் வீடியோ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேகத்தைச் சேர்த்துக்கொள்வதற்காக அதில் மாரியோ பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் கிடப்பான். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அதைவிட மோசமான ஆட்டம் இருக்காது.

கடிகாரம் மட்டுமே கண்ணில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன விஷயம். முதல் மாரியோவில் கொடிக்கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை வெடிக்கும். சின்ன வயதில் அது எப்போது வரும் என்று தெரியாமல் காத்துக் கிடந்திருக்கிறோம். வந்துவிட்டால் அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டுவோம், அதற்குள் முடிந்திருக்கும். டாஸில் வாணவேடிக்கை என்றால் நஷ்டம். அது வெடிக்காத இலக்கமாகப் பார்த்து வந்து சேர வேண்டும். அது சரிதான். நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் செய்யும்போது எதைத் தவிர்க்கிறேன் என்று எனக்குத் தெரியும். தம்பிக்கு அது வெறும் தாமதம்.

அவனுக்குப் பதில் எழுதினேன். நாலு ஃபிரேமை எடுத்துக்கொள்கிறேன், உன் பெயரையும் போடுகிறேன், ஆனால் விமானத்தை மூலையில் நிறுத்த விடமாட்டேன் என்று. அவனுடைய பாஸ் சண்டையை என் ஃபைலில் ஒட்டினேன். எதிரிகள் வரும் வரிசை அதற்குப் பிறகு மாறிவிட்டது. இந்த மாதிரி கேம்களில் நான்கு ஃபிரேம் முன்னால் போனால் அடுத்து வருவதெல்லாம் தடம் மாறும். ஆகவே நான்காவது கட்டத்திலிருந்து என் வளைவுகள் எதுவும் செல்லாது, எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். மூன்று மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். போன வாரம் நான்காவது கட்டத்தை மட்டும் அனுப்பினேன். ராத்திரி ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது.

“அண்ணா, ரெண்டு குண்டுக்கு நடுவுல ரிவர்ஸ்ல வர்றீங்கள்ல, அதை ஏழெட்டு தடவை போட்டுப் பாத்தேன். அப்புறம் ஒண்ணு, அந்தக் கட்டத்து பாஸ்ல இன்னும் ஒரு ஃபிரேம் இருக்கு.”

இருக்கிறது. பார்த்துவிட்டேன். எடுத்தால் ஐந்தாவது கட்டம் மறுபடி முதலிலிருந்து.