வாழை அசுவினியும் முடிக்கொத்து நோயும்

கொல்லிமலையின் திண்ணனூர் நாடு முதலிய இடங்களில் வாழை பயிரிடுவோர், அசுவினி என்னும் செடிப்பேனை அற்பப் பூச்சியென்று அசட்டை செய்தல் தகாது. அது உறிஞ்சும் சாற்றினால் விளையும் நஷ்டம் சொற்பமே. அது கொண்டுவரும் நோயோ தோட்டத்தையே பாழாக்க வல்லது.

வாழை அசுவினி கருமை கலந்த பழுப்பு நிறமுள்ளது. குருத்திலும், மட்டைகளின் இடுக்கிலும், தூரின் அடியிலும் கூட்டமாய் வசிப்பது. பெரும்பாலும் எல்லாம் பெண் பூச்சிகளே. அவை ஆணின் சேர்க்கையின்றி, முட்டையிடாமல், குஞ்சுகளையே ஈனுகின்றன. குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் தாமும் ஈனத் தொடங்கும். கூட்டம் நெருங்கியவுடன் இறக்கையுள்ளவை தோன்றிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பறந்து செல்லும். அவை கழிக்கும் இனிய நீரை நாடி எறும்புகள் வரும். ஆதலால் வாழையில் எறும்புச் சாரியைக் கண்டால் குருத்தைப் பிரித்துப் பார்ப்பது நலம்.

இப்பூச்சியே முடிக்கொத்து நோயைப் பரப்புகிறதென்பதை ஆஸ்திரேலியாவில் மகீ என்னும் ஆராய்ச்சியாளர் 1927-ஆம் ஆண்டில் விளக்கினார். நோய் கண்ட வாழையின் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் புள்ளி புள்ளியாய்த் தென்படும். பின்பு இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாய்த் திரளும். இளமையில் நோயுற்ற மரம் குலை தள்ளாது. அதன் பக்கக் கன்றுகளும் நோயுற்றவையே. கீழ்ப் பழனி மலையில் 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிற்காலத்தில் சுமார் 2,000 ஹெக்டேராகக் குறுகியதற்கு இந்நோய் முக்கிய காரணமாகும்.

இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. நோயுற்ற தூரை உடனே அழிப்பதொன்றே வழி. முதலில் பூச்சிமருந்து தெளித்து அசுவினியைக் கொன்று, பிறகே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். முந்தி வெட்டினால் பூச்சிகள் அயல் மரங்களுக்குக் குடியேறும்.

நான்கு கன்றுகளின் மேல் ஆசை வைத்து ஒருவர் நோயுற்ற தூரை விட்டுவைப்பாராயின், அதன் பலனை அனுபவிப்பவர் அயலாரே. ஆதலின் இதனை அவரவர் சொந்த விஷயமென்று விடலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் ஊராரைக் கூட்டி, எல்லாத் தோட்டங்களையும் ஒரே காலத்தில் பார்வையிட ஏற்பாடு செய்வது அவசியம். வெளியூர்க் கன்றுகளை, அவை வந்த தோட்டத்தின் நிலையறியாது மலைக்கு ஏற்றுவதும் நிற்கவேண்டும். ஒரு தூரை இழக்கத் துணியாதவர் தோப்பையே இழக்க நேரும்.