தொடாத வைத்தியம்

‘குரலற்றவர்களின் குரல்’ என்று தலைப்புப் போட்டு எத்தனை இதழ் நடத்தியிருப்போம்! குரல் வருகிற தொண்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா? நான் சொல்வது உருவகத் தொண்டை இல்லை. சளி பிடிக்கிற, நெறி கட்டுகிற, சீழ் வைக்கிற சேரிப் பிள்ளையின் தொண்டை. அது மூச்சை அடைக்கும் நிலையில் தூக்கிக்கொண்டு ஓடும்போது நம் சனத்தை வரவேற்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “ஏன் இவ்ளோ லேட்டா கொண்டாந்தீங்க?” அது பொய். நாங்கள் நேரத்துக்குத்தான் வருகிறோம். டாக்டரின் கைதான் லேட்டாக வருகிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். தொண்டையின் பின்சுவருக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி. சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. ஐந்தாறு வயசுக்குள் அவை சுருங்கிவிடும். அதனால்தான் இந்தக் கட்டி பெரும்பாலும் அந்த வயசுக்குக் கீழே வருகிறது. சளியோ தொண்டைப்புண்ணோ முதலில் வரும். கிருமி அந்த நெறிக்குள் இறங்கிச் சீழாகும். முள் குத்தியும் வருவதுண்டு. காய்ச்சல் அடிக்கும், சோறு இறங்காது. எச்சிலைக்கூட முழுங்காமல் வாயோரம் வழியவிடும். குரல் அமுங்கிப்போகும். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கும், நிமிர்த்தினால் வீறிடும். மூளைக்காய்ச்சலிலும் கழுத்து விறைக்கும்தான். ஆனால் அதிலே குனிவது கஷ்டம், இதிலே அண்ணாந்து பார்ப்பது கஷ்டம். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மிஷின் எதுக்கு? பிள்ளை ஆத்தா மடியில் இருக்கும்போதே விட்டத்தைக் காட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். தொட வேண்டும்.

இங்கேதான் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1929 டிசம்பர் 12ஆம் தேதி ‘யங் இந்தியா’வில் கத்தியவாரைச் சேர்ந்த தலித் ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அதை எடுத்து வைத்திருக்கிறார். ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. மூச்சு இரைக்கிறது, விலா வலிக்கிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். 2 ரூபாய் பீசுக்கு ஊர்ப் பெரியவர் ஜாமீன் நின்ற பிறகு வந்தார், அதுவும் சேரிக்கு வெளியே. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், முஸ்லிம் புருஷனிடம், புருஷன் பெண்டாட்டியிடம். வந்த வழியே அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் செத்துப்போனாள். அவளையும் “லேட்டா வந்த கேஸ்” என்றுதானே எழுதியிருப்பார்கள்?

அது அந்தக் காலம் என்கிறீர்களா? 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான நூல், மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதார ஊழியர்கள் தலித் வீட்டுக்குள் நுழைவதில்லை என்கிறது. 2010இல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிய ஆய்விலும் மருந்து கொடுக்கிற கை, சோதிக்கிற கை, எல்லாக் கையிலும் தீட்டு இருக்கிறது.

நம்ம ஊருக்கு வருவோம். லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்துச் சேரி எங்களுது. வெள்ளாற்றுக்கு அந்தாண்டை திட்டக்குடி. என் அக்கா மகனுக்கு மூணு வயசிருக்கும்போது காய்ச்சல் கண்ட அன்றைக்கே ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். ஆற்றுக்கு எந்தக் கரையில் என்று சொல்லப்போவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி டார்ச் அடித்தார். “வாயத் தொற.” அவனால் திறக்க முடியவில்லை. “எந்தத் தெரு?” என்று மட்டும் விசாரித்துக்கொண்டார். டான்சில் என்று சிரப் எழுதினார். மறுநாள் போனபோது டார்ச்கூட இல்லை, அதே சிரப். மூணாம் நாள் அக்கா சொன்னாள்: “இது தொக்கமா இருக்கும்டா தம்பி.” தொக்கம் எடுக்கிற ஆயாவிடம் போனாள். அந்தக் கிழவிதான் அவனை மடியில் போட்டுக் கழுத்தைத் தடவினாள். தடவியவள் சும்மா விட்டாள்: “இது நம்ம வேல இல்லடி. நெறி கல்லு மாதிரி இருக்குது, டவுனுக்குக் கொண்டு போ.” லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருத்தர் காரை எடுத்தார்.

அந்தக் கிழவி கெட்டிக்காரி. எல்லாரும் அப்படி இல்லை. தொண்டைக்குள் விரல் விட்டு அழுத்தினால் கட்டி உடைந்து சீழ் நுரையீரலுக்குள் போகும், மூச்சு நிற்கும். ‘நாட்டார் மருத்துவ மரபு’ என்று உருகுகிற நம் எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நம் பெண்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று கேட்கிறேன். பிள்ளையை மடியில் வாங்குகிற இடம் அது ஒன்றுதான் என்றால் போகத்தானே செய்வார்கள்? இதற்குப் பெயர் ‘அறியாமை’யாம்.

திருச்சியில் ஒரு டாக்டரம்மா அவனைப் படுக்க வைக்கவில்லை, குச்சி விட்டு வாயைப் பிளக்கவில்லை. மூச்சு இரைக்கிற பிள்ளையை மல்லாத்தி அழவிட்டால் அடைப்பு கூடும். அக்கா மடியிலேயே வைத்துக் கழுத்தைத் தொட்டார். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை மூச்சை இழுக்கும் நேரம் பார்த்து, கழுத்தை நிமிர்த்தி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத வீக்கத்தைக் காட்டும். இரண்டாம் கழுத்தெலும்புக்கு முன்னால் சதை 7 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகப்படணுமாம். பிறகு ஸ்கேன், நரம்பில் ஆன்டிபயாடிக். கட்டி சின்னதாக இருந்து மூச்சுக்குத் தொந்தரவில்லை என்றால் மருந்திலேயே அமுங்கலாம். இவனுக்குப் பெரிசு. மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே கீறிச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். வெளியே தழும்பு கிடையாது. இன்னும் விட்டிருந்தால் சீழ் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கும்.

வைத்தியம் இவ்வளவுதான். வானத்தை வில்லாக வளைக்கிற வித்தை ஒன்றுமில்லை.

அப்படித் தொடுகிற கைகள் எங்கிருந்து வரும்? குழுமூர் எங்களுக்குத் தூரமில்லை. அந்த ஊர் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் நீட் குறுக்கே நின்றது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்துவிட்டு 2017 செப்டம்பர் 1ஆம் தேதி செத்துப்போனாள். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, அங்கே ஓர் அரங்கத்துக்கு அவள் பெயர். பெயரை எழுதுவது சுலபம், தோழர்களே. சேரிப் பிள்ளையின் கழுத்தில் கூசாமல் பட்டிருக்க வேண்டிய கை அது. அதைத் தடுத்தவர்களே ‘தகுதி’ பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறார்கள். மூணு வயசுப் பிள்ளையைத் தொடாமல் இரண்டு நாள் சிரப் எழுதியவருக்கும் தகுதி இருந்ததாம்!

எங்கள் சேரியில் சாயங்காலப் பள்ளி நடத்துகிற பிள்ளைகள் அங்கன்வாடிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள்: காய்ச்சலோடு கழுத்துச் சாய்ந்தால், எச்சில் வழிந்தால், மூச்சில் சத்தம் வந்தால் 108. பெண்கள் ஒரு வாக்கியமும் பழகி வைத்திருக்கிறார்கள். “கழுத்தத் தொட்டுப் பாருங்க டாக்டரு.” சொல்லிவிட்டு நிற்பதில்லை. மேசையைச் சுற்றிப் போய்ப் பிள்ளையை அவர் மடியிலேயே வைத்துவிடுகிறார்கள்.