கீழே இருந்தவர் மேலே வந்த கதை

எங்கள் முடிச்சூர் வீட்டை 1994-ல் அப்பா கட்டினபோது, வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. வீடு எங்கேயும் போகவில்லை ஸார், ரோடுதான் வளர்ந்துவிட்டது! பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதுசு போட்டுப் போட்டு வந்த வளர்ச்சி. 2015 டிசம்பரில் தண்ணீர் கட்டில் வரைக்கும் வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். விடியும்வரை அவர் பேசினது ஒரே வாக்கியம். "இன்னும் ரெண்டடி ஏத்திக் கட்டியிருக்கலாம்டா..."

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடுவது என்று போன மாதம் ஒருவழியாக முடிவாயிற்று. வாசலில் ஒரு லோடு முக்கால் இன்ச் ஜல்லி வந்து இறங்கியது. எதிர்வீட்டுப் பையன் ஜியாலஜி படிக்கிறவன். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்ணெய் தடவின மாதிரி, பச்சை கலந்த கறுப்பு.

"அண்ணே, இது சார்னோகைட். இருபது கிலோமீட்டருக்குக் கீழேயிருந்து வந்திருக்கு!"

"இல்லப்பா, செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்திருக்கு. லாரி வாடகை நான் கொடுத்தேன்."

பையன் சொன்னது உண்மை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தாம்பரத்திலிருந்து கோடம்பாக்கம் வரைக்கும் உள்ள தண்டவாளத்தை அப்படியே செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் அடியில், 700, 800 டிகிரி சூட்டில் வெந்த கல் இது. வயசு சுமார் 250 கோடி வருஷம். கல்லில் இருக்கும் கார்னெட் மாதிரியான தாதுக்களை அளந்து பார்த்தால், எவ்வளவு அழுத்தத்தில் வெந்தது என்று தெரிந்துவிடுகிறதாம். பாஸ்புக் மாதிரி, எல்லாம் என்ட்ரி ஆகியிருக்கிறது.

இதற்குப் பெயர் வந்த கதை ஒரு வயிற்றெரிச்சல். ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் செத்துப்போனார். அவர் சமாதிக்குக் கல் போனது நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல்காரர் அந்தச் சமாதிக் கல்லை வைத்து, 1893-ல் 'சார்னோகைட்' என்று பெயர் சூட்டிவிட்டார். கல் நம்முது, பெயர் அவருது! இத்தனைக்கும் அந்த சார்னாக் கல்கத்தாவை நிறுவினவரே இல்லை என்று 2003-ல் கல்கத்தா ஹைகோர்ட் சொல்லிவிட்டது.

சரி, அவ்வளவு கீழே இருந்தது எப்படி மேலே வந்தது?

பாதி வேலை மழையும் ஆறும் செய்தது. மேலே இருக்கும் மலையை அவை கரைத்துக்கொண்டே இருக்க, தலைச்சுமை குறையக் குறைய அடியில் இருப்பது எழும்பும். மீதிப் பாதியைப் பார்க்க ஊட்டிக்குப் போக வேண்டும். நீலகிரிக்கு வடக்கே மோயாறு, தெற்கே பவானி. இந்த இரண்டு ஆறுகளையும் ஒட்டி இரண்டு 'ஷியர் ஸோன்'கள் ஓடுகின்றன. நிலத்தின் இரண்டு பெரிய துண்டுகள் உரசி நகரும்போது நடுவில் மாட்டிக்கொள்ளும் பட்டைதான் ஷியர் ஸோன். ஆழத்தில் கல் உடையாது; சூட்டில் இளகி, அல்வா மாதிரி நத்தை வேகத்தில் வழுக்கும். நசுங்கி இழுபட்டு, பரோட்டா போல அடுக்கடுக்காகிவிடும். அந்த வழுக்கலில் ஒரு பக்கத்து நிலம் மற்றதன்மேல் ஏறி வரும். பீக் அவரில் பீச் வண்டியில் வாசல் பக்கம் நின்றிருக்கிறீர்களா? கிண்டி வந்ததும் நீங்கள் நடக்கவே வேண்டாம், பிளாட்பாரத்தில் இருப்பீர்கள். அதே டெக்னிக்.

நீலகிரியின் தென்மேற்குக் கற்கள் சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தவை. மோயாறை நெருங்க நெருங்க, வடகிழக்கில், 35 கிலோமீட்டர் கணக்கு வருகிறது. அதாவது மொத்த மலையும், கட்டிலின் ஒரு காலுக்கு மட்டும் செங்கல் வைத்த மாதிரி, மோயாறு பக்கம் அதிகமாகத் தூக்கப்பட்டிருக்கிறது! இதுவும் பெரிதில்லை. லடாக்கில் ஸோ மோரிரி ஏரிப் பக்கத்துக் கற்கள் 90 கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டுத் திரும்பியவை. தாம்பரம் டு திண்டிவனம், செங்குத்தாக.

பி.காம். படித்ததற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்தால், 25 கிலோமீட்டர் ஏற இரண்டரைக் கோடி வருஷம். அதே வேகத்தில் என் வீடு மூன்றடி ஏற 900 வருஷத்துக்கு மேல். மேஸ்திரி நாற்பத்தைந்து நாள் கேட்கிறார்.

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அப்பா தினமும் சாயங்காலம் ஜல்லிக் குவியல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "எத்தனை அடிடா தூக்கறாங்க?"

"மூணுப்பா."

"நாலாக் கேட்டுப் பாரேன்..."